பிரம்பும் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகப் பாடசாலைகளின் பெற்றோர் கூட்டங்களில் பரீட்சைப் பெறுபேறுகள் பற்றிப் பேச்செடுத்தால், பிரம்பு போனதோடு படிப்பும் போய்விட்டது என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அடியாத மாடு படியாது என்பதில் பெற்றோருக்கு இருக்கும் நம்பிக்கை பல ஆசிரியர்களுக்குக்கூட இல்லை. "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க சேர்" என்று பிள்ளையை ஒப்படைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதுபற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை நடைமுறையில் உள்ளது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஆனால் அடிக்காமல் இருப்பது மட்டும் நல்ல கற்பித்தல் ஆகிவிடாது. பிள்ளைமீது வைக்கும் அன்பைப் பாடத்துக்கு வெளியே உள்ள ஒரு நற்குணமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். பாடமே அதில்தான் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுப்பதற்கு ஒரு நொடி போதும். அருகில் அழைத்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டால், "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேன்" என்று பதில் வரும். பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியைத் தானே உருவாக்கி, அதை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளில் ஒன்றை அதன் கையாலேயே அவிழ்க்க வைத்தால் விளங்கிவிடும். ஆனால் அறை விழும் என்று அஞ்சும் பிள்ளை இந்த விளக்கத்தைச் சொல்ல வாயே திறக்காது. அது வாய் திறக்காவிட்டால் எதைத் திருத்துவது?

பிந்தி வரும் பிள்ளைகளின் கதையும் இதுதான். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குத் தாய் காலையிலேயே போய்விட, தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மழையில் நடந்து வரும் சிறுமியை வாசலில் நிறுத்திவைத்தால், அவள் இழப்பது ஒரு பாடவேளையை. காரணம் தெரிந்த ஆசிரியை புதிய பாடத்தை இரண்டாம் பாடவேளைக்குத் தள்ளிவைப்பார்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்து, "பாவம், லயத்துப் பிள்ளைதானே, இவ்வளவு எழுதியதே பெரிது" என்று வாசித்தும் பாராமல் சரி போட்டு அனுப்புவது கருணை போலத் தோன்றும். திட்டு இல்லை, அடி இல்லை, பிள்ளையும் சிரித்துக்கொண்டே போகும்; ஆனால் ஐந்தாம் தரத்துக்கு வரும்போது ஒரு பந்தியைத் தடுமாறாமல் வாசிக்க அதற்குத் தெரிந்திருக்காது. பிரம்பு காயப்படுத்தியவர்களைவிட இந்தப் பரிதாபம் கைவிட்டவர்களே அதிகம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளையின் வறுமையை அறிந்த ஆசிரியர் அதனிடம் குறைவாக எதிர்பார்க்கக் கூடாது; எதிர்பார்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அங்கே வந்து சேரக் கூடுதலாக உதவ வேண்டும்.

இதையெல்லாம் ஆசிரியரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடுவதும் நியாயமல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றும் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் சிறிய பாடசாலைகள் இங்கு உள்ளன. தூர இடங்களிலிருந்து முதல் நியமனத்தில் வருபவர்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பழகி முடிப்பதற்குள் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தங்குவதற்கு ஒழுங்கான அறைகூட இல்லாத இடத்தில் யார்தான் நிலைத்திருப்பார்?

ஆகவே, ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியர்களை ஆண்டின் நடுவில் இடமாற்ற வேண்டாம் என்றும், இயன்றவரை ஒரே ஆசிரியர் தரம் 1இலிருந்து தரம் 2க்கும் அதே பிள்ளைகளுடன் செல்ல இடமளிக்க வேண்டும் என்றும் மாகாணக் கல்வித் திணைக்களங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்பார்வைக்கு வரும் வலயக் கல்வி அதிகாரிகள் பாடக்குறிப்புப் புத்தகத்தில் ஒப்பமிடுவதோடு நின்றுவிடாமல், கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டகலை.