பத்து ஒட்டகங்கள்

பிரியமுள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். கோபத்தில்தான் வைத்தேன், மறைக்கவில்லை. "ஆபிரகாம்னு ஒரு ஆள் நிஜமாவே இருந்தாராம்மா? ஆதாரம் இருக்கா, இல்ல சண்டே ஸ்கூல்ல கதை விட்டியா?" என்று கேட்டாயே, சுருக்கென்றது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் என்று முப்பது வருடம் ஓட்டியவள் நான். சரித்திர வகுப்பில் "கல்வெட்டு எங்கே?" என்று கேட்கிறவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைக் கேட்டதில்லை. அதை என் மகளே சுட்டிக்காட்டியதும் தாங்கவில்லை. சரி, இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

ஏழு வயதில் நீ என்னை மடக்கிய கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆபிரகாமின் ஊழியக்காரன் எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் பத்து ஒட்டகங்களோடு போகிறான். கிணற்றடியில் ரெபெக்காள் என்ற பெண் அத்தனைக்கும் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். "எத்தனை குடம்மா?" என்றாய். தாகம் எடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் வரை குடிக்கும். பத்துக்கு ஆயிரம். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர். அறுபத்தேழு குடம் வந்தது. "அந்த அக்காவுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கும்" என்றாய்.

சிக்கலே அந்த ஒட்டகங்களில்தான். டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இரண்டு பேர், இஸ்ரேல்-ஜோர்தான் எல்லையில் இருக்கும் அரபா பள்ளத்தாக்கின் பழைய தாமிர உலைக்களங்களில் கிடைத்த எலும்புகளைக் காலவாரியாக அடுக்கிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் பொதி சுமக்கும் ஒட்டகம் கி.மு. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. ஆபிரகாமுக்கு வழக்கமாகச் சொல்லும் காலமோ கி.மு. 2000, 1800 என்று போகிறது. வேறு தேசங்களில் ஒட்டகம் முன்பே பழகியிருந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனால் இடறுவது ஒட்டகம் மட்டுமில்லை. ஈசாக்கு கேராரில் பெலிஸ்தரின் ராஜாவிடம் போகிறான். பெலிஸ்தர் அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததே கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஆபிரகாம் புறப்பட்ட பட்டணத்தின் பெயர் ஊர், அதைக் 'கல்தேயருடைய ஊர்' என்கிறது வேதம். கல்தேயர் என்ற பெயர் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது.

உன் ஆச்சி சொல்வாளே, அவளுடைய பாட்டி கல்யாணமாகி வந்த கதையை? "ஜங்ஷன்ல பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாளாம்" என்பாள். பாட்டி காலத்தில் பஸ் ஏது? ஆச்சிக்குத் தெரிந்த ஊரில் பஸ் இருந்தது, அதைக் கதைக்குள் ஓட்டிவிட்டாள். ஆதியாகமத்தை எழுதியவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பஸ்ஸைக் காட்டிப் பாட்டியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டி இருந்தாள் என்பதற்கு நம் கையில் வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மை.

ஊர் பட்டணத்தைத் தோண்டியது லியோனார்டு வூலி, 1922 முதல் 1934 வரை, தெற்கு ஈராக்கில். (பெயரைப் பார்த்ததும் தமிழன் கட்டிய ஊர் என்று கிளம்பும் நம் ஆட்களை விடு.) அங்கே 'ஆபிரகாமின் வீடு' என்று ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். 2021இல் போப் பிரான்சிஸ் அந்தப் பட்டணத்துக்குப் போனபோது அந்தப் படம் நம் சபை வாட்ஸ்அப்பில் பத்து தடவை வந்தது. வீடு பழங்காலத்து வீடுதான். அதில் ஆபிரகாம் இருந்தார் என்று ஒரு செங்கல்கூடச் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு ஆதாரம் என்று பெருமையாகக் காட்டியது நூசிப் பலகைகளை. கிர்குக் பக்கத்தில் 1925 முதல் 1931 வரை தோண்டி எடுத்த களிமண் பத்திரங்கள். அதில் ஒரு கல்யாண ஒப்பந்தம்: கிலிம்நினு என்பவளுக்குப் பிள்ளை பிறக்காவிட்டால் அவளே தன் புருஷன் ஷென்னிமாவுக்கு லுல்லு தேசத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆபிரகாமின் மனைவி சாராளும் பிள்ளையில்லாமல் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாளே, அப்படியே சாராளும் ஆகாரும்! எங்கள் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொன்னார். ஆனால் 1974இலும் 1975இலும் தாமஸ் தாம்சன், ஜான் வான் சீட்டர்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள், இதே மாதிரி வழக்கங்கள் பல நூற்றாண்டு பிந்தியும் இருந்தன, இதை வைத்து ஆபிரகாமுக்குக் காலம் குறிக்க முடியாது என்று காட்டினார்கள். அந்தப் புத்தகங்கள் என் கைக்கு வந்தபோது நான் ரிட்டயர் ஆகியிருந்தேன்.

கல்வெட்டு என்று உறுதியாக ஒன்றைக் காட்டு என்றால், எகிப்து ராஜா மெர்னெப்தாவின் கல்லைக் காட்டுவேன். ஏறக்குறைய கி.மு. 1208. பிளிண்டர்ஸ் பெட்ரி 1896இல் கண்டெடுத்தது. அதில் 'இஸ்ரவேல்' என்ற பெயர் வருகிறது, ஈசாக்கின் மகன் யாக்கோபுக்குத் தூதன் வைத்த அதே பெயர். பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஆண், ஒரு பெண், கீழே மூன்று கோடு. அது ஒரு கூட்டம், ஜனம் என்பதற்கு எகிப்தியர் போடும் குறி. யாக்கோபு என்ற ஒற்றை மனிதனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பத்திரம் எழுதியே காலத்தை ஓட்டிய மனுஷன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆதியாகமம் 23ஐ எடுத்தார். சாராளை அடக்கம் பண்ண ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கும் இடம். "விக்கிறவன் முதல்ல சும்மா எடுத்துக்கோங்கறான். அப்புறம் பேச்சோட பேச்சா நானூறு சேக்கல் வெள்ளின்னு விலையை நுழைக்கிறான். இவர் பேரமே பேசலை. எரேமியா தீர்க்கதரிசி ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்கலையா? ஏமாந்துட்டாரு" என்றார். நிலம், குகை, நான்கு எல்லைக்குள் நிற்கும் மரங்கள், சாட்சி, எல்லாம் இருக்கிறதாம். "இது பத்திரம் தெரிஞ்சவன் எழுதினது" என்று முடித்துவிட்டார். எழுதியவனுக்குப் பத்திரம் தெரியும், அவ்வளவுதான் இதிலிருந்து தேறும் என்றேன். முறைத்தார்.

மேற்குக் கரையில் இருக்கும் எபிரோனில் அந்த மக்பேலா குகைக்கு மேல் ஏரோது ராஜா எழுப்பிய மதில் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது. உள்ளே முறையாக யாரும் தோண்டியதில்லை. 1968இல் இஸ்ரேலின் பாதுகாப்பு மந்திரி மோஷே தயான் ஏற்பாட்டில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை, பெரியவர்கள் நுழைய முடியாத ஒரு சின்ன துவாரம் வழியாகக் கயிற்றில் இறக்கினார்கள். இருட்டில் ஒரு நடையும் படிக்கட்டும் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வயதில் உன்னை இறக்க நான் விட்டிருப்பேனா என்று யோசித்தேன். 1994இல் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒருவன் அங்கேயே சுட்டுக் கொன்றான். அதன் பிறகு கட்டடத்தை மசூதி, ஜெப ஆலயம் என்று பிரித்துவிட்டார்கள். ஆபிரகாமின் சமாதி நடுவில். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று பார்க்கிறார்கள்.

ஆபிரகாம் பலிக்குக் கொண்டுபோன பிள்ளை ஈசாக்கு என்கிறோம் நாம். குர்ஆன் பெயர் சொல்லாமல் விட, பெரும்பாலான முஸ்லிம்கள் ஆகாரின் மகன் இஸ்மாயீல் என்கிறார்கள். இந்த பக்ரீத்துக்கும் எதிர்வீட்டு அக்கா கறி கொடுத்தனுப்பினாள். எந்தப் பிள்ளை என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆக, நீ கேட்ட ஆதாரம் என்னிடம் இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அதற்காக ராத்திரி ஜெபத்தில் 'ஆபிரகாமின் தேவனே' என்று சொல்வதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதே, அதற்கு இன்னொரு வாரம் ஆகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் ரெபெக்காள் பாடம். போர்டில் பத்து ஒட்டகமும் வரையத்தான் போகிறேன். குடக் கணக்கும் போடுவேன். ஏதாவது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால் எலும்புக் கதையையும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். சபை ஐயர் காதுக்குப் போனால் என்ன சொல்வாரோ.

அப்பா உன்னை போன் பண்ணச் சொன்னார். இந்தத் தடவை நான் வைக்க மாட்டேன்.

பிரியமுடன்,
அம்மா