தேன்மொழிக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள தேனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் கூரியரில் போடுகிறேன். உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சித்தி மகள் கல்யாணம் ஆவணியில், பத்திரிகை வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பம்ப் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் வந்த சரவணன், பீளமேட்டில் ஒரு டியூனிங் கடை வாசலில் உன் போலோ கார் நின்றதைப் பார்த்திருக்கிறான். சைலன்சர் மாற்றியாச்சு, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இறக்கியாச்சு, அடுத்தது ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது, என்று கடைப் பையன் சொன்னானாம். நீ அங்கே இல்லையாம்.

வண்டியில் கை வைப்பது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? பழங்காநத்தத்தில் இத்தனை வருஷமாக லாரி டீசல் பம்ப்பைப் பிரித்து மாட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். டெஸ்ட் பெஞ்ச் ஓடும்போது ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஏறுவதைக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாய். "நாலாவது கம்மிப்பா" என்பாய். அளவுக்கோட்டில் எண் படிக்கத் தெரியாத வயசு. யூனிபார்மில் டீசல் வாடை என்று அம்மா என்னைத்தான் ஏசுவாள். நாசில் டெஸ்டரில் 200 பார் அழுத்தத்தில் டீசல் பீச்சும்போது கையைக் குறுக்கே நீட்டாதே, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்றேன். அதற்கப்புறம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாய். சொன்னால் கேட்கிற பிள்ளை. இப்போது போனைக்கூட எடுப்பதில்லை.

உன் வண்டி 1.2 டிஎஸ்ஐ. கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன், டார்க் என்கிற சுழற்று விசை 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்கிறவன் டர்போ அழுத்தத்தைக் கூட்டுவான், ஸ்பார்க் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவான், பெட்ரோலைக் கூட்டுவான். குதிரை ஏறும், டார்க் அதைவிட வேகமாக ஏறும். எஞ்சின் தாங்கலாம். ஆனால் அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். அதைச் செய்தவர்களே 250 நியூட்டன் மீட்டர்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். எல்லையை உரசிக்கொண்டு போகிற மேப் வேண்டாம். கொஞ்சம் இடம் விட்டு எழுதச் சொல். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுகிறான் என்றும் கேள். உயர்ந்த ஆக்டேனுக்கு எழுதிவிட்டு ராத்திரி ஒட்டன்சத்திரத்தில் கிடைத்ததை ஊற்றினால் எஞ்சின் தட்டும். அந்தத் தட்டலைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சார் ஸ்பார்க்கைப் பின்னால் இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும். எப்போதும் அதை நம்பி ஓட்டக்கூடாது. "ரெண்டு திருகு ஏத்தி விடுங்கண்ணே, மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்று பம்ப் ஸ்குரூவைக் காட்டிய லாரிக்காரர்கள் எத்தனை பேர் கரும்புகையோடு போய், உருகின பிஸ்டனோடு திரும்பினார்கள், நீ பார்க்காததா?

சைலன்சர் விஷயம். பின்பக்கப் பெட்டியை மட்டும் மாற்றினால் சத்தம்தான் மாறும், குதிரை பெரிதாக ஏறாது. டர்போ வண்டியில் பலன் தெரிவது டர்போவை ஒட்டி வருகிற டவுன்பைப்பில். அது அகலமானால் டர்போ சீக்கிரம் சுற்ற ஆரம்பிக்கும். அதனால் அடுத்தது அதைத்தான் மாற்றலாம் என்பார்கள். மாற்று, ஆனால் புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வெர்ட்டரை எடுக்காதே. எடுத்தால் பின்னால் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் எஞ்சின் லைட்டைப் போடும். கடைக்காரன் மென்பொருளில் அந்தப் பிழைக் குறியீட்டை அமுக்கிவிடுவான். லைட் அணைந்துவிடும், புகை அப்படியேதான் இருக்கும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. ஏற்கெனவே கழற்றியிருந்தால் கடையில் விட்டு வராதே, கையோடு வாங்கி வை. பழசுக்கு நல்ல விலை என்பது அவனுக்குத் தெரியும்.

காலை எடுத்தால் பட்பட்டென்று வெடிக்கிற பாப்கார்ன் மேப் வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் நிற்க வேண்டிய பெட்ரோலை நிறுத்தாமல், ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, எரிய வேண்டியதைக் குழாய்க்குள் எரிய விடுகிற வேலை அது. டர்பைனும் கன்வெர்ட்டரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு நடு ராத்திரியில் தெருவே எழுந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும். நீ எந்த நேரத்தில் வந்தாலும் போனாலும் அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமும் உனக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், இல்லை ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டுமே கூட. சத்தத்துக்கும் புகைக்கும் தனியாக 10,000 வரை. வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே உன் பக்கத்திலேயே இருக்கிறது. ஹெல்மெட் போட்டு அங்கே ஓட்டு. நானே வந்து பார்க்கிறேன். வண்டி வாங்கிய அன்றைக்குப் பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நீ ஓட்டிக் காட்டினாயே, ரிங் ரோட்டில் லாரியை முந்தியபோது உன் கை ஸ்டியரிங்கில் பதறவே இல்லை. ஊரெல்லாம் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

சரவணன் இன்னொன்றும் சொன்னான். எடை குறையட்டும் என்று ஸ்பேர் வீலையும் ஜாக்கியையும் எடுத்துவிட்டாயாம். பந்தயக்காரர்கள் செய்வதுதான். ஆனால் கடைப் பையன் டிக்கியைத் திறந்தபோது உள்ளே இரண்டு சூட்கேஸ், குக்கர், பழைய சேலையில் சுற்றிய குத்துவிளக்கு இருந்ததாம். அது அம்மா புதுமண்டபத்தில் பேரம் பேசி வாங்கியது. எடை எனக்குத் தெரியும், பஸ்ஸிலிருந்து தோளில் வைத்து இறக்கியவன் நான்தான். ஸ்பேர் வீலைக் குறைத்துவிட்டு அதை எதற்கு ஏற்றி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஆர்.சி. இப்போது யார் பேரில் இருக்கிறது? லோன் சுலபமாகக் கிடைக்கும் என்று மாப்பிள்ளை பேரில் வாங்கினீர்கள். தவணை உன் சம்பளத்தில்தான் போகிறது என்று நீதான் சொன்னாய். இது ஏன் முக்கியம் என்றால், பாலிசியில் 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு போட்டிருப்பார்கள், அது ஓனர் ஓட்டினால் ஓனருக்கு. ஆர்.சி.யில் பேர் இல்லாதவள் ஓட்டினால் அந்தப் பணம் அவளுக்கு இல்லை. இப்போது ரீமேப், சைலன்சர் என்று சொல்லாமல் செய்திருந்தால், நாளைக்கு முட்டிக்கொண்டால் வண்டிச் செலவையும் தர முடியாது என்பார்கள். வண்டியும் போய், தவணை மட்டும் நிற்கும். கடனைக் கட்டுவது ஒருவர், ஓட்டுவது அவரே, பேர் மட்டும் இன்னொருவர் என்றால் அது நல்ல ஏற்பாடு இல்லை.

ஆர்.சி.யில் பேரை மாற்ற வேண்டுமென்றால் 29, 30 நம்பர் பாரம். லோன் மீதி இருக்கிறதால் பேங்கில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மாப்பிள்ளை கையெழுத்தும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிற நிலைமை இருந்தால் நீயே வாங்கிக்கொள். இல்லையென்றால் என்னிடம் சொல், நான் போய்ப் பேசி வாங்கி வருகிறேன். சண்டைக்குப் போக மாட்டேன். வண்டி விஷயம் மட்டும்தான் பேசுவேன். முழுக்கடனையும் அடைத்துவிடலாம் என்றாலும் சொல், பட்டறைச் சீட்டு இந்த மாசம் எடுக்கலாம்.

பாலிசியின் முதல் பக்கத்தையும் ஆர்.சி.யையும் போட்டோ எடுத்து அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், போட்டோ மட்டும் போதும். நாமினி யார் என்றும் பார்.

கன்வெர்ட்டரை எடுக்காதே. இரண்டாவது தடவை சொல்கிறேன், தெரியும்.

பட்டறைக்குப் பின்னால் பழைய பம்ப் உடம்புகள் அடைந்து கிடந்த கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். வண்டி நிற்கும், மேலே தகரம் புதுசு. பக்கத்து அறைக்கு வெள்ளையும் அடித்தாயிற்று, உன் பழைய கட்டில் அங்கேதான் கிடக்கிறது. வாசல் சாக்கடை மூடி மேடாக இருக்கிறது. இறக்கின வண்டி அடி தட்டும், இரண்டு பலகை போட்டு வைக்கிறேன். ஸ்பேர் வீலை மறுபடி மாட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு. ராத்திரியில் தாராபுரம் தாண்டினால் பஞ்சர் கடை ஒன்றும் திறந்திருக்காது.

அப்பா