மொரீஷியஸுக்குத் தவறான விடை காட்டும் இணைய ஆய்வகம்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியர்,
தனியார் கல்லூரி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: தென் அரைக்கோளத்துக்கான சிமுலேஷன்களில் உள்ள பிழைகளைத் திருத்துவதும், சந்தாத் தொகையைத் திருப்பித் தருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணைய ஆய்வகத்துக்கு எங்கள் கல்லூரி (இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் கல்லூரி என்பார்கள்) ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறது. 12, 13ஆம் கிரேடு பிள்ளைகளுக்கு இயற்பியலும் புவியியலும் நடத்த அதைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் சூரியப் பாதை, பருவங்கள், புயல், காந்த ஊசி, ஊசல் என்று பூமியோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் எல்லாம் எங்கள் தீவுக்குத் தவறான விடையைக் காட்டுகின்றன. இதை உங்கள் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் தெரிவித்தேன். "பாடத்திட்டப்படி சரியாகவே உள்ளது" என்று பதில் வந்தது. அதனால்தான் இப்போது முறையான புகாராக எழுதுகிறேன்.

முதலில் தேர்வுப் பகுதியைப் பற்றிச் சொல்கிறேன். பருவங்கள் பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி வருகிறது: போர்ட் லூயிஸில் ஜூன் மாதம் என்ன பருவம்? என் வகுப்பு மாணவி ஒருத்தி 'குளிர்காலம்' என்பதைத் தொட்டாள். திரையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. மதிப்பெண் போனது. சரியான விடை 'கோடைக்காலம்' என்று கீழே ஒரு விளக்கமும் வந்தது. அந்தப் பெண் அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். "மிஸ்யே (ஐயா), பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டாள். பாடம் நடத்தும் கருவியே பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க வைத்தால், அதைப் பாடக் கருவி என்று எப்படிச் சொல்வது?

காரணம் என்ன என்று நானே பார்த்தேன். அட்சரேகை கேட்கும் கட்டத்தில், தெற்கைக் குறிக்க மைனஸ் போட்டு, -20.2 என்று அடித்தால் மைனஸ் குறி மறைந்து 20.2 மட்டும் நிற்கிறது. எண்ணுக்குப் பின்னால் 'தெற்கு' என்று எழுதினால் பிழைச் செய்தி வருகிறது. ஊர்ப் பட்டியலில் போர்ட் லூயிஸைத் தேர்ந்தெடுத்தாலும் அதே கதைதான். சந்தேகம் தீர புவனேஸ்வரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். அது வடக்கே சுமார் 20.3 பாகையில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே படம் வந்தது. ஆக, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒரு நாடு இருக்கிறது என்பதே உங்கள் நிரலுக்குத் தெரியவில்லை.

இதன் விளைவு சின்னதல்ல. ஜூன் 21 அன்று நண்பகலில் இங்கே சூரியன் வடக்குத் திசையில், தரையிலிருந்து சுமார் 46 பாகை உயரத்தில்தான் இருக்கும். உங்கள் படத்தில் 87 பாகை, கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. நிழலில்லா நாள் உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஜனவரி மூன்றாம் வாரத்தை ஒட்டியும் வரும். உங்கள் சிமுலேஷன் மே மாதத்தையும் ஜூலை மாதத்தையும் காட்டுகிறது. அதை நம்பிப் பிள்ளைகளை மே மாத வெயிலில் குச்சியோடு நிறுத்தினால், நண்பகலில் நீளமான நிழல் ஒன்று தெற்கு நோக்கி விழும்.

அப்புறம் சோலார் பலகைப் பயிற்சி. பலகையை எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் வைத்தால் அதிக மின்சாரம் கிடைக்கும் என்று பிள்ளைகளே நகர்த்திப் பார்க்கும் பயிற்சி அது. யோசனை அருமை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் மொரீஷியஸுக்கு அது தெற்குத் திசையைப் பரிந்துரைக்கிறது. இங்கே வீட்டு மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பவர் வடக்குப் பார்த்துத்தான் சாய்த்து வைப்பார். படித்த பிள்ளை போய் அவரிடம் "நீங்கள் வைத்தது தப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடி எடுத்து நடப்பவர்களில் என் மாணவர்களும் உண்டு. கால் சுடாமல் இருக்க வீட்டார் வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருவார்கள். அந்த மாதத்தை உங்கள் பாடம் குளிர்காலம் என்கிறது.

எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை தருவது புயல் பாடம். தீவில் இருப்பவர்களுக்குப் புயல் என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. 1960 பிப்ரவரியில் அடித்த கரோல் புயலைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் இங்கே குறைவு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதை என் மாணவர்கள் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். தென் அரைக்கோளத்தில் நகரும் காற்று இடப்பக்கம் விலகும். அதனால் தாழ்வழுத்த மையத்தைச் சுற்றிப் புயல் கடிகார முள் செல்லும் திசையில் சுழலும். வங்காள விரிகுடாவில் நீங்கள் பார்ப்பது அதற்கு நேர் எதிர். உங்கள் சிமுலேஷனில் மொரீஷியஸ் வரைபடத்தின் மேலேயே புயல் வங்கக் கடல் புயல் மாதிரி சுற்றுகிறது. பெலால் புயலின் செயற்கைக்கோள் படத்தை ஒரு மாணவன் போனில் ஓடவிட்டு, உங்கள் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டும் எதிரெதிராகச் சுற்றின. வகுப்பே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுற்றும் திசை மாறினால் மற்றதும் மாறும். புயல் செல்லும் பாதையின் எந்தப் பக்கம் அதிக ஆபத்து? வடக்கே வலப்பக்கம், எங்களுக்கு இடப்பக்கம். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் எந்தப் பக்கம்? உங்களுக்கு இடது, எங்களுக்கு வலது. கடலுக்குப் போகிறவர்கள் உயிரைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் விதி இது. எங்கள் மாணவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பாடம் இதைத் தலைகீழாகக் கற்பிக்கிறது. "மாணவர்களை மனதில் கண்ணாடி பிம்பமாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லலாம்" என்று உங்கள் பிரதிநிதி எழுதியிருந்தார். கற்பனை செய்ய முடியாததைக் கண்ணால் காட்டத்தானே சிமுலேஷன்?

காந்த ஊசிப் பாடத்தில் ஊசியின் வடமுனை கீழே சாய்கிறது. இங்கே சாய்வது தென்முனை. பூமியின் சுழற்சியைக் காட்டும் ஃபூக்கோ ஊசலின் ஆடும் தளம் திரும்பும் வேகம், மணிக்கு சுமார் 5 பாகை, சரியாக இருக்கிறது. திசை மட்டும் தப்பு, இங்கே அது இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும்.

நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டைட்ரேஷன் பாடம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பியூரெட்டின் திருகை மெல்லத் திருப்பத் திருப்ப, சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தோன்றி, குடுவையைக் கலக்கியதும் மறைந்து, கடைசிச் சொட்டில் நிலைத்து நிற்பதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறீர்கள். மின்சுற்றுப் பாடமும் அப்படித்தான். இவ்வளவு தெரிந்த குழுவுக்கு ஒரு மைனஸ் குறியைச் சரிசெய்வது பெரிய வேலையாக இருக்காது என்று நம்பித்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

இலவசமாகக் கிடைப்பவையே இதைச் சரியாகச் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் எங்கள் ஊரைக் கொடுத்தால் எங்கள் வானம் வருகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே ஓட்டலாம். உங்கள் விளம்பரமும் 'இணையம் இல்லாமலும் இயங்கும்' என்றுதான் சொன்னது. ஆனால் ஒவ்வொரு முறையும் லாகின் கேட்கிறது. புயல் எச்சரிக்கையால் கல்லூரி மூடி, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வேண்டிய நாட்களில்தான் இங்கே இணையமும் போகும்.

உங்கள் சிற்றேட்டில் 'உலகம் முழுவதும்' என்று போட்டு, வரைபடத்தில் மொரீஷியஸ் மேல் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் நிர்வாகத்திடம் பேசிச் சந்தா கட்ட வைத்தோம். எனவே நான் கேட்பது இது. அட்சரேகைப் பிழையைத் திருத்துங்கள். அதைச் சார்ந்த பாடங்களையும் தேர்வுக் கேள்விகளையும் தென் அரைக்கோளத்துக்குச் சோதித்துப் பாருங்கள். தவறாகக் குறைத்த மதிப்பெண்களை மாணவர்களின் பதிவில் சரிசெய்யுங்கள். தெற்கே உள்ள மற்றக் கல்லூரிகளும் உங்கள் வாடிக்கையாளர்களாக இருந்தால், திருத்தம் முடியும்வரை இந்தப் பாடங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களுக்கு நீங்களே எழுதுங்கள். எங்கள் புதிய கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அப்போது புயல் காலமும் நடந்துகொண்டிருக்கும். அதற்குள் இது முடியாது என்றால் இந்த ஆண்டுச் சந்தாவை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் என் மாணவர்களும் நானும் தயார். எங்கள் ஊரில் எடுத்த நிழல் அளவுகளை அனுப்புகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

திரைப் படங்களையும் உங்கள் பிரதிநிதியின் பதிலையும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அது வரும்வரை எங்கள் கார்டிலிருந்து தானாகப் புதுப்பித்துப் பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
ரோஸ் ஹில்.