2024–25-ஆம் ஆண்டுக்கான சங்கச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அழைப்பிதழைப் பெற்றுக்கொண்டு வராதிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. தெருவிளக்கு தொடர்பான மனு மூன்று முறை அளிக்கப்பட்டு நிலுவையில் உள்ளது. செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டு, இரு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தது.

இவ்வாண்டின் முக்கிய நிகழ்வு, நம் பகுதித் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியருக்கு 2024 ஜூலை 30 அன்று நடத்திய பாராட்டு விழா. இது செயலாளரின் சொந்த விருப்பத்துக்காக நடத்தப்பட்டது என்று பேசப்படுவதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு அதே நாளில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்கக் காரணமாக இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு ‘மருத்துவமனை தினம்’ என்று கொண்டாடுகிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் உள்ளது. படத்துக்கு மாலை போடுவதோடு நிற்காமல், அந்தத் திட்டத்தை நம் தெருக்களில் வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவரையும் அழைக்கலாமே என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம். தேதியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்ன உறுப்பினர்கள், பிறந்த நாளை மாற்றும் அதிகாரம் செயலாளருக்கு இல்லை என்பதை உணர வேண்டும். செவ்வாய்க்கிழமை என்பதால் நூற்று இருபது உறுப்பினர்களில் பத்தொன்பது பேர்தான் வந்தனர். மீதி நாற்காலிகளை நிரப்பியவர்கள் கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார்கள்.

அந்தச் செவிலியர் அம்மையாரின் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். கர்ப்பம் தரித்த பெண்ணைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்வதும், பதிவு எண் இல்லாமல் உதவித்தொகை வராது என்பதை மாமியார்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களோடு அவர் வந்தபோது, செயலாளராகிய என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் தேங்கிய நீரில் டார்ச் அடித்துப் புழு நெளிவதைக் காட்டினார். தண்ணீரைக் கொட்டினால் போதுமா என்று கேட்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டிலும் பல மாதம் பிழைத்திருக்கும், தேய்த்துக் கழுவுங்கள் சார் என்று சொல்லிவிட்டு, என் வீட்டு எண்ணையும் எழுதிக்கொண்டார். பதவியைப் பார்த்து எண்ணை விட்டுவிடவில்லை என்பதால்தான் அவரைப் பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

விழாவில் பொன்னாடையை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டு, புதன்கிழமைகளில் தடுப்பூசி போட நிழலும் பெஞ்சும் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அதுவரை நியாயவிலைக் கடைத் திண்ணையில்தான் போட்டு வந்தார். ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும், கலக்கிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கிறது. சூடு பட்டுப் பட்டு அது கருத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைத் தொடக் கூடாது என்று அவர் காட்டியபோது, திண்ணையில் வெயில் ஏறும் நேரம் என் நினைவுக்கு வந்தது. மேடையிலேயே சங்கக் கூடத்தைத் தருவதாக அறிவித்தேன். செயற்குழுவைக் கேட்காமல் அறிவித்தது முறையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் அதற்கும் கூட்டம் கூடியிருக்காது. மறுநாள் புதன்கிழமையே கூடம் திறக்கப்பட்டது.

இதனால் வாடகை வருமானம் போயிற்று என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, புதன்கிழமை காலையில் கூடம் கேட்டு எவரும் வந்ததாக வாடகைப் பதிவேட்டில் இல்லை. வரவு செலவு ஏறக்குறைய ஈடாக உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, அவர் ஊரிலிருந்து திரும்பியதும் பார்க்கலாம். பொன்னாடை, தேநீர், இரண்டு பெஞ்சு ஆகியவற்றுக்கான செலவில் ஒரு பகுதியை நான் கைப்பொறுப்பில் கொடுத்திருக்கிறேன்; அதைத் திருப்பிக் கேட்கவில்லை, குறிப்பிட மட்டும் செய்கிறேன். ஆண்டுச் சந்தா செலுத்தாதவர்கள் நாற்பத்தேழு பேர். அவர்களில் சிலரது பேரக்குழந்தைகள் இந்தக் கூடத்தில்தான் ஊசி போட்டுக்கொண்டனர் என்பதால் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

தலைவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் போட்ட மகளிர் குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேல்நிலைத் தொட்டிக்கு மூடி போட்டாக வேண்டும். அம்மையார் இருமுறை சொல்லிவிட்டார், மூன்றாம் முறை எழுதிக் கொடுப்பார். உடல்நிலை கருதி இப்பொறுப்பிலிருந்து விலக எண்ணுகிறேன். ஆர்வமுள்ள உறுப்பினர் எவரும் முன்வரலாம். கூடத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் திறக்க வேண்டும், தாய்மார்கள் எட்டேகாலுக்கே வந்து வாசலில் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்