புரோபயாட்டிக் பொடி வாங்கும் முன்

ஒரத்தநாடு

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் வீடே சந்தோஷப்பட்டது. இங்கே எல்லோரும் நலம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து குளம் நிறைந்துவிட்டது. ரோகு, கட்லா குஞ்சுகள் விட்டாயிற்று.

மீன் தீவனத்தில் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி, கலக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கலக்கலாம். ஆனால் கடையில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடாதே. என்ன பாக்டீரியா, ஒரு கிராமில் எத்தனை கோடி உயிரோடு இருக்கிறது, காலாவதி எப்போது என்பதெல்லாம் பாக்கெட்டிலேயே அச்சாகி இருக்க வேண்டும். 'நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்' என்று மட்டும் போட்டிருந்தால் தொடாதே.

நீ போடும் மிதவைத் தீவனம் ஆலையில் 100 டிகிரிக்கு மேல் வெந்து பொரிந்து வருவது. இந்தப் பொடிகளில் இருக்கும் பாக்டீரியாக்களில் பேசில்லஸ் வகைகள் ஸ்போர் என்ற கெட்டி உறைக்குள் ஒடுங்கிக்கொண்டு ஓரளவு சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ் தாங்காது. அதனால் குளக்கரையில் நாமே கலப்பதுதான் நல்லது. கஞ்சித் தண்ணீரை நன்றாக ஆறவிட்டு, பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டு. நிழலில் தார்ப்பாயில் பரப்பினால், கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்ந்துவிடும். அன்றே போட்டுவிடு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. ரோகுவுக்கும் கட்லாவுக்கும் இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். திலேப்பியா அப்படியில்லை. அதன் இரைப்பை அமிலம் ரொம்பக் கடுமை, அதைக் கடக்க ஸ்போர் வகைதான் தோது. நீ திலேப்பியாவும் விடப்போவதாக எழுதியிருந்ததால் சொல்கிறேன். குடலுக்குப் போன பேசில்லஸ், புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. தின்ற தீவனம் உடம்பில் ஒட்டுகிறது. ஏரோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் மல்லுக்கு நிற்கிறது. ஆனால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடாது. நிறுத்திவிட்டால் சில வாரங்களில் குடல் பழையபடி ஆகிவிடும், அதனால் இடையில் நீண்ட நாள் விட்டுவிடாதே.

குளத்து அடியில் சேறு நாறினாலோ, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ இந்தப் பொடியால் ஒன்றும் ஆகாது. முதலில் ஆக்சிஜனைப் பார், தீவனத்தைக் குறை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் ஆன்டிபயாட்டிக்தான். செதிலில் சிவப்பு கண்டதும் யார் சொல்லியோ ஏதோ மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார்கள். அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது, மிஞ்சும் கிருமியோ மருந்துக்கு அடங்காததாகிவிடுகிறது. அந்த மீனைத்தான் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நீயாவது அந்தப் பக்கம் போகாதே.

உனக்கு இரண்டு குளம் இருக்கிறதே, ஒன்றில் மட்டும் கலந்து போடு. இரண்டிலும் ஒரே அளவு குஞ்சு, ஒரே தீவனம். போட்ட தீவனத்தையும் வலை இழுக்கும்போது மீன் எடையையும் நோட்டில் எழுதிவை. பொடிக்குக் கொடுத்த காசு திரும்புகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கணேசன்