கல்லிடைக்குறிச்சி வாசிப்பறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார், அக்காமார், மாமா, மாமி எல்லோருக்கும் வணக்கம்.

மாமா, மாமியின் பழைய வீட்டில் நாம் சேர்ந்து செய்த வாசிப்பறை திறந்து பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அழைப்பிதழிலும் வாசல் பலகையிலும் ‘வடிவமைப்பு’ என்று போட்டு என் பெயர் ஒன்றுதான் இருந்தது. பார்க்க வந்தவர்களும் “எல்லாம் இந்தப் பிள்ள செஞ்சதாம்” என்று என்னைத்தான் கைகாட்டினார்கள். அது சரியில்லை. பலகையை மாற்றி எழுதக் கொடுத்தாயிற்று. ஆனால் பலகையில் பெயர்தான் கொள்ளும், யார் என்ன செய்தார்கள் என்பது கொள்ளாது. அதற்காகத்தான் இந்த மடல். மடலில் பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் வேலையையும் மட்டும் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

நான் படித்தது பொருள் வடிவமைப்பு. நாற்காலி, விளக்கு, பாத்திரம் என்று கையில் எடுத்துப் பார்க்கிற சாமான்களை வடிவமைக்கிற படிப்பு. வீட்டின் உள்வேலை அதில் வராது, அது வேறு பாடம், வேறு ஆசிரியர்கள். ஊருக்கு வந்தபிறகு அந்த எல்லை எனக்கு அழிந்துபோனது. நம் பக்கத்துப் பழைய வீட்டில் திண்ணை என்பது சாமானா, கட்டடமா? உட்காரவும் படுக்கவும் வாகான உயரத்தில், முதுகு சாய ஒரு திண்டோடு, வீட்டோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். பட்டாசல் என்கிற கூடத்தில் ஆடுகிற ஊஞ்சலும் அப்படித்தான், சங்கிலி மாட்டுகிற உத்திரத்தை நினைத்துத்தான் பலகையை இழைத்திருக்கிறார்கள். சாமானும் அறையும் ஒரே வேலைதான் என்று எனக்குப் புரியவைத்தது நீங்கள். எந்தச் சாமானையும் அது போய் நிற்கப்போகிற இடத்தை விட்டுவிட்டு உங்களில் ஒருவர்கூடப் பேசியதில்லை.

முதலில் என் கல்லூரி ஆசிரியருக்கு நன்றி. 1958-இல் இந்திய அரசு கேட்டுக்கொண்டு சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி எழுதிக் கொடுத்த அறிக்கையை அவர்தான் எங்களுக்கு வரிவரியாகப் படித்துக்காட்டினார். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வருவதற்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. இந்தியாவில் பார்த்த சாமான்களிலேயே மிக அழகானது என்று அவர்கள் அதில் சொல்வது லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்கிப்போவது தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், என்ன விலையாகும் என்று அந்த ஒரு செம்பைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டிருப்பார்கள். “இந்தக் கேள்வியெல்லாம் உங்க ஊர்ல போய்க் கேளு, பதில் சொல்ல ஆள் இருக்காங்க” என்று என்னை அனுப்பிவைத்தார் ஆசிரியர். இருந்தார்கள் ஐயா.

பாய் நெய்கிற பத்தமடை லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, நான் பட்டிருக்கிற கடன் பெரிது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன், அவரும் என்னைச் சொந்தத் தங்கச்சியாகத்தான் நடத்தினார். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு வாங்கியது, கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்வது எல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆற்றங்கரைக் கோரைப்புல்லைப் பச்சையாக இருக்கும்போதே கீறி, வெயிலில் காயவைத்து, கட்டிக் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, அது உப்பியதும் எடுத்து மறுபடி காயவைத்து, அப்புறம்தான் தறிக்கே வரும். நயம் பாய்க்குக் கோரையை இன்னும் மெலிசாகக் கீற வேண்டும். லாத்தா ஒரு கோரையின் நுனியில் கத்தியை லேசாக வைத்து இழுப்பார். கத்தியைப் பார்க்கவே மாட்டார், பேச்சு என்னோடு இருக்கும். ஆனால் ஒரு கீற்று கூடத் தடிமன் மாறி விழாது.

அறைக்குத் தொங்குவிளக்கு வேண்டும், அதன் கூண்டு கோரையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வட்டக் கூண்டுக்குக் கோரையை எப்படி வளைப்பது என்று கேட்டேன். “கோரைய எதுக்குட்டி வளைக்கணும்? பாயச் சுருட்டுதோம்லா, அப்பக் கோரையா வளையுது? நூலுதான் வளையுது. கோரை நேரா நிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான், விளக்கின் வடிவம் அங்கேயே முடிவாகிவிட்டது. கோரை செங்குத்தாக நிற்க, அதைக் கோத்துப் பிடிக்கிற பாவு நூல் வட்டமாகச் சுற்றி வருகிறது. இரண்டு கோரைக்கு நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளி வழியாக வெளிச்சம் கீழே வடிகிறது. எல்.இ.டி. பல்பு அவ்வளவாகச் சுடாது என்பதால் கோரை கருகும் பயமும் இல்லை. முன்தாழ்வாரமான தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவில் தொங்குகிற தட்டியையும் இதே முறையில் நெய்துகொடுத்தார். காற்று வேண்டுமென்றால் மேலே சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். ‘டிசைனர் விளக்கு’ என்று அதைச் சிலர் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வரைந்தது நான், உருவம் கொடுத்தது அவர்.

அம்பாசமுத்திரம் கடைசல் அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. நானும் அந்தச் சொப்பில் சோறு பொங்கி விளையாடியவள்தான். பிள்ளைகள் உட்கார மரஸ்டூல் வேண்டும் என்று போனேன். அண்ணாச்சி பேசாமல் பஸ் ஏறி என்னோடு வந்து வீட்டின் தரையைப் பார்த்தார். பழைய தரை, அங்கங்கே மேடும் பள்ளமும். “நாலு கால் போட்டா ஒண்ணு தொங்கும். மூணு கால் போடு, எந்தத் தரையிலயும் ஆடாது. பிள்ளைய சாஞ்சு விழாம இருக்கக் காலை வெளிய பாத்துச் சாய்ச்சு இறக்கணும்” என்றார். எவ்வளவு சாய்ப்பது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. மூன்று குச்சியை ஒரு பலகைத் துண்டில் செருகி, ஓரத்தில் கையை ஊன்றி அமுக்கிப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஆணி, திருகாணி எதுவும் இல்லை. துளை போட்டுக் காலின் மெலிந்த முனையான கழுந்தை இறக்கி, மேலே ஆப்பு அடித்திருக்கிறார்.

கால்களுக்கு அரக்கு ஏற்றியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்துகிறார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. அப்புறம் தாழை ஓலையை வைத்துத் தேய்க்கத் தேய்க்க முகம் பார்க்கிற மினுமினுப்பு வருகிறது. உட்காருகிற பலகைக்கும் அரக்கு பூசலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டூல்மேல் யாராவது சூடான டம்ளரை வைப்பார்கள், தடம் விழும் என்று காரணமும் சொன்னார். வைக்கிறார்கள் அண்ணாச்சி. வாசிப்பறைக்கு வருகிற தாத்தாமார்கள் ஸ்டூல்மேல்தான் காபி டம்ளரை வைக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றுக்குப் பக்கத்து வீடு என்பதால் நாங்கள் வேலை தொடங்கியபோது சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனார் அண்ணாச்சி தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்திலோ மேலே சிமெண்டு பூசிய இடங்களில்தான் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கிடக்கிறது என்றார். “சுவர் மூச்சு விடணும்லாம்மா.” சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புக்கே போனோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. காயும்வரை பொறுமை வேண்டும். என் அவசரத்தைப் பொருட்படுத்தாமல் அவர் பொறுமையாகவே வேலை பார்த்தார், அதற்காகவே தனியாக ஒரு நன்றி. சாந்து அரைத்தும் சுமந்தும் கொடுத்த சித்தாள் அக்காக்களுக்கும் அதே நன்றி.

புத்தக அலமாரியை மாற்றியதும் கொத்தனார்தான். சுவரோடு ஒட்டிவைத்தால் அந்த இடம் மட்டும் காயாது, புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும், நாலு விரல் தள்ளி நிறுத்து என்றார். மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற யோசனையும் கூடவே வந்தது. அலமாரிகள் இப்போது உயரமான கால்களில், சுவரை விட்டு விலகி நிற்கின்றன. ஆனி ஆடிச் சாரல் காற்று வாசலில் நுழைந்து அலமாரிக்குப் பின்னால் ஓடி முற்றத்துக்குப் போய்விடுகிறது. சுவர் வேலை அலமாரிக்குக் கால் கொடுத்தது. இதை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை.

வீட்டுக்கார மாமா, மாமிக்கு நன்றி சொல்வதற்கு எனக்கு வார்த்தை போதாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும், அனுபவம் குறைந்த ஒரு பெண்ணை நம்பிச் சாவியைக் கொடுத்தீர்கள். “பசங்க உக்கார்ற உயரத்த என்ன கேக்காதே, பசங்களையே கேளு” என்று மாமி சொன்னதால்தான் தெருப்பிள்ளைகளைத் திண்ணையிலும் படியிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்து அளவெடுத்தோம். பொடிசுகளுக்கு 12 அங்குலம், பெரிய பிள்ளைகளுக்கு 15. அளவு கொடுத்த அத்தனை பிள்ளைகளுக்கும் நன்றி.

இடையில் ஒரு வெளியூர்க் கடை கோரை விளக்குகளை மொத்தமாக வாங்க வந்தது. நல்ல தொகைதான். ஆனால் நெய்தவர் பெயரும் ஊரும் எழுதிய அட்டையை எடுத்துவிட்டு அவர்கள் பெயரை ஒட்ட வேண்டும் என்றார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, “அட்டையோட நம்ம கடையில தொங்கட்டும்மா, விக்கும்போது விக்கட்டும்” என்று கடையின் முன்வரிசையைக் காலிசெய்து கொடுத்தார். விற்றதற்கெல்லாம் அன்றன்றைக்கே பணம் தந்தார். அந்தத் தெம்பில்தான் வெளியூர்க் கடைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. அண்ணாச்சி, உங்களுக்கு இது சின்ன உதவியாக இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை.

வயரிங் தம்பிக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்டூல்களை ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்த லோடு ஆட்டோ அண்ணனுக்கும், வேலை நடந்த நாளெல்லாம் கணக்குப் பார்க்காமல் டீ கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. ஆர்டரே இல்லாத மாதங்களில் ‘வேறு வேலைக்குப் போ’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாத என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி.

அடுத்து சேரன்மாதேவிப் பக்கம் ஒரு சித்த வைத்தியசாலைக்குக் காத்திருப்பு அறை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வயதானவர்கள் கையை ஊன்றி எழுந்திருக்கத் தோதான பெஞ்சு வேண்டுமாம். வருகிற வாரம் வரைபடத்தோடு அம்பாசமுத்திரம் வருகிறேன் அண்ணாச்சி, பெஞ்சின் கைப்பிடி எவ்வளவு கனம் இருக்கலாம் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். கூலி இந்தத் தடவை வேலைக்கு முன்பே பேசி, பாதியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். லாத்தா, சாரல் பிடித்துவிட்டால் கோரை காயாது, அதற்குள் ஜன்னல் தட்டிகளுக்கு வேண்டியதைக் கீறிக் காயவைத்துவிடுங்கள். அளவு மட்டும் நாளைக்குப் போனில் சொல்லுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை