நிறுத்திட்டேன்... கேக்காதவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசத்தோட பேஸ்கட்பால் ஆடுறத நிறுத்திட்டேன். மொத்தம் 22 வருஷம், அதுல 13 வருஷம் ரயில்வே டீம்ல. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி சொல்லலாம்னுதான் நெனச்சேன், ரெண்டாவது போன்லயே தொண்டை அடைச்சிருச்சு, அதான் எழுதுறேன்.

பொண்ணு ஒருத்தி பந்தத் தூக்குனா ஒரு கேள்வியும் கூடவே வரும். "எப்பம்மா நிறுத்தப் போற?" வயசுக்கு வந்தப்ப கேட்டாங்க, ப்ளஸ் டூ வந்தப்ப கேட்டாங்க, வேலை கெடச்சதும் அதான் வேலை கெடச்சிருச்சேன்னு கேட்டாங்க, அப்புறம் கல்யாணம், முட்டி ஆபரேஷன், குழந்தை, எல்லாத்துக்கும் அதே கேள்விதான். இந்த மடல் அத ஒருநாள்கூட என்கிட்ட கேக்காத ஆளுங்களுக்கு.

மொதல்ல அப்பா. எங்க ஊரு பெரியகுளம். தேனிப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மாம்பழ சீசனும் பேஸ்கட்பாலும் ஒண்ணா வர்ற ஊரு அது. வருஷா வருஷம் மே மாசம் அகில இந்திய டோர்னமென்ட் நடக்கும், பெரிய பெரிய டீமெல்லாம் வரும், ராத்திரி லைட் வெளிச்சத்துல மேட்ச். அப்பா மாந்தோப்புல வேலைய முடிச்சிட்டு மேல மாங்கா பால்வாசம் போகாமலே என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. ஆடுறது பூராம் ஆம்பளைங்க. பொண்ணுங்க ஆட மாட்டாங்களாப்பான்னு கேட்டேன். பதில் சொல்லல. ஸ்கூல் தொறந்த அன்னைக்கு நேரா பி.டி. சார் முன்னாடி கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அப்பா இப்ப இல்ல. நான் நீல ஜெர்சி போட்டு எடுத்த போட்டோவ பர்ஸ்லயே வெச்சிருந்தாரு, மடிச்ச எடத்துல என் மூஞ்சியே அழிஞ்சு போச்சு.

அந்த பி.டி. சார். ஸ்கூல்ல இருந்தது பசங்க ஆடுற ஏழாம் நம்பர் பந்து மட்டும்தான். எனக்கு ரிங் வரைக்கும்கூட போகாது, ரெண்டு கையும் சேத்து வயித்துலருந்து தூக்கி வீசுவேன். சார் ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போய் சொந்தக் காசுல ஆறாம் நம்பர் பந்து வாங்கிட்டு வந்தாரு. சுத்தளவுல மூணு சென்டிமீட்டர் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அன்னைக்கு சாயங்காலம் மொத தடவையா ஒத்தக் கையில பந்து நின்னுச்சு. என் ஷாட் பொறந்தது அங்கதான் சார். அந்தப் பந்தோட வெல என்னன்னு இன்னைக்கு வரைக்கும் நீங்க சொல்லல.

அப்புறம் விளையாட்டு விடுதி வாட்ச்மேன் அண்ணன். ஏழு மணிக்கு கோர்ட் லைட்ட அணைக்கணும்னு ரூல். அண்ணன் நாலு லைட்ல மூணத்தான் அணைப்பாரு. அந்த ஒத்த லைட்டுக்குக் கீழ ஃப்ரீ த்ரோ லைன் மட்டும் தெரியும், யாரும் தடுக்காம நின்னு ரிங்குல பந்து போடுற கோடு அது. நான் நூறு போட்டு முடிக்கிற வரைக்கும் சேர்ல உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருப்பாரு. ஃப்ரீ த்ரோ நல்லா போடுறீங்களேன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ரேடியோ சத்தம்தான் ஞாபகம் வரும்ணே.

வெளியில இருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல 1997லருந்து பொண்ணுங்களுக்குன்னு டபிள்யூஎன்பிஏங்கிற புரொஃபஷனல் லீக் நடக்குது. நமக்கு வருஷம் பூரா சோறு போடுற மாதிரி லீக் இல்ல. நம்மூர்ல புரொஃபஷனல்னா காலைல அஞ்சரைக்கு ப்ராக்டிஸ், பத்து மணிக்கு டிக்கெட் கவுன்ட்டர், சாயங்காலம் திரும்ப ப்ராக்டிஸ். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை இல்லன்னா எங்கள்ல பாதிப் பேர் இருபது வயசுலயே காணாமப் போயிருப்போம். கேம்ப் முடிஞ்சு அசந்து வர்ற அன்னைக்கு எனக்காக ஷிஃப்ட் மாத்திக்கிட்ட கவுன்ட்டர் அக்காமார் எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

நேர்ல பழகாதவங்களுக்கும் நன்றி சொல்லலாம்ல? நம்ம இந்தியா டீம் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் ஹாக்ஸ் டீமுக்கு ஆடுனது, 2011ல டபிள்யூஎன்பிஏ டீம்களோட ட்ரையவுட்டுக்கு, அதாவது ஆள் எடுக்குற தேர்வுக்குப் போனது, இதெல்லாம் எங்க ஹாஸ்டல்ல கதை கதையா ஓடும். நம்ம சென்னைக்காரங்க அனிதா பால்துரை 19 வயசுல இந்தியாவுக்கு கேப்டன். 2017ல பெங்களூர்ல நடந்த ஆசியக் கோப்பை பி டிவிஷன், அதாவது ரெண்டாம் அடுக்கு ஃபைனல்ல நம்ம பொண்ணுங்க கஜகஸ்தான 75-73ன்னு ஜெயிச்சாங்க பாருங்க, அந்த டீம்ல குழந்தை பெத்துட்டுத் திரும்பி வந்த அனிதா அக்காவும் இருந்தாங்க. 2021ல அவங்களுக்கு பத்மஸ்ரீ கெடச்சப்ப எங்க வீட்ல பாயசம். அவங்க அப்படித் திரும்பி வரலன்னா நானும் திரும்பி வரலாம்ங்கிற நெனப்பே எனக்கு வந்திருக்காது.

ஏன்னா அவங்க கோப்பை ஜெயிச்ச அந்த வருஷம் நான் கட்டில்ல கெடந்தேன். ரிங்ல பட்டுத் திரும்புற பந்த, ரீபவுண்டுன்னு சொல்வோம், எகிறி எடுத்துட்டு எறங்கும்போது முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். மொதல்ல பாத்த எடத்துல சுளுக்குன்னு சொல்லி ரெண்டு மாசத்த வீணாக்கிட்டாங்க, அப்புறம் ஸ்கேன்ல பாத்தா ஏசிஎல்னு முட்டிக்குள்ள இருக்குற தசைநார் முழுசா கிழிஞ்சிருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த பிசியோ மேடம் என் வாழ்க்கையில பெரிய ஆளு. சுருட்டின துண்ட முட்டிக்குக் கீழ வெச்சு அழுத்தச் சொல்வாங்க, பத்து எண்ணுற வரைக்கும். மொத நாள் தொடை அசையவே இல்ல, மூளை சொல்லுது கால் கேக்கல, அந்த பயத்த எழுத்துல சொல்லத் தெரியல. அவங்க என் தொடை மேல ரெண்டு வெரல வெச்சுக்கிட்டு அப்படியே காத்திருந்தாங்க. நாலாவது நாள் லேசா துடிச்சுச்சு. "வந்துருச்சு பாரு"ன்னாங்க. பதினோரு மாசம் கழிச்சு கோர்ட்டுக்குள்ள போனேன் மேடம்.

அத்தை, உங்கள எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ஏழு மாசக் கைக்குழந்தையத் தூக்கிட்டு ஸ்லீப்பர் கோச்ல ரெண்டு ராத்திரி என்கூட வந்தீங்க. ஹாஃப் டைம் பதினஞ்சே நிமிஷம். ட்ரெஸ்ஸிங் ரூம்ல டீம் பிள்ளைங்க துப்பட்டாவ விரிச்சுப் பிடிக்க, நான் பால் குடுத்துக்கிட்டே கோச் போர்டுல கோடு போட்டு சொல்றத கேட்டுக்கிட்டு இருப்பேன், நீங்க வாசல்ல நின்னு இன்னும் நாலு நிமிஷம்னு குரல் குடுப்பீங்க. ஊர்ல ஒருத்தர் "மருமகள இன்னும் ஓட விடுறீங்களே"ன்னு கேட்டதுக்கு, "அவ ஓடுறா, நான் பாக்குறேன், உங்களுக்கு என்ன?"ன்னீங்களாம். எனக்கு இது லேட்டாத்தான் தெரியும்.

கடைசியா என் சீனியர் பாய்ன்ட் கார்டு அக்கா, டீமோட ஆட்டத்த நடத்துறவங்க. மொத நேஷனல்ஸுக்கு ஷூ அடி பிஞ்சு நின்னப்ப கழட்டிக் குடுத்தீங்களே, வெள்ளை ஷூ, செவப்பு லேஸ், ஒரு சைஸ் பெருசு, உள்ள பஞ்சு வெச்சு ஆடுனேன். அது இன்னும் என்கிட்டதான் இருக்கு, தொவச்சு பேப்பர் சுருட்டி வெச்சிருக்கேன். நீங்க வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனதோட நம்பர் மாறிடுச்சு. இதப் படிச்சீங்கன்னா ஒரு போன் பண்ணுங்கக்கா, நேர்ல கொண்டாந்து குடுக்கணும்.